ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை

வெயில் ஏறுவதற்குள் பாவு வேலையை முடித்துவிட வேண்டும். ஆரணியில் நெசவாளர் தெருக்களில் அதுதான் கணக்கு. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு இழைகளை நீட்டிக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்ததைப் பிணைத்துக்கொண்டே போவார்கள். ஆள் குறைந்தால் வேலை ஓடாது. அதனால் ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கத்தார் கூப்பிடாமலே வந்து நிற்பது வழக்கம். அன்றைக்கு மாணிக்கவேல் வீட்டுப் பாவு. பக்கத்து வீட்டுச் சின்னம்மாளும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். எதிர்வரிசைக்காரர்களும் வந்திருந்தார்கள். வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது, பாவுக்குச் சொந்தக்காரனான மாணிக்கவேல் மெல்லக் கால்களை மடக்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான்.

மயங்கி விழவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் நாலு பேர் பதறிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். அவன் சும்மா உட்கார்ந்தான். அகலமான தோளும் உருண்ட கையுமாக, பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத நாற்பது வயது ஆள், ஊரெல்லாம் தன் வேலைக்கு வந்து நிற்கையில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி ஸ்வர்ணலதாவுக்கு முகம் சுருங்கிப்போனது. கையிலிருந்த இழையை விட்டுவிட்டு வந்து குனிந்தாள்.

"எழுந்திருங்க. எல்லாரும் பாத்துகினு இருக்காங்க."

"முடியல ஸ்வர்ணா" என்றான் அவன்.

அந்தச் சொல்லை ஒன்றரை வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது.

எல்லாம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. ஒரு மழைக்காலத்தில் அந்தத் தெரு முழுக்க வந்த காய்ச்சல் அது. மூட்டுக்கு மூட்டு வலி, கண்ணைத் திறக்க முடியாத தலைவலி. ஸ்வர்ணலதாவும் படுத்தாள். மகள் பானுப்ரியாவும் படுத்தாள். கஷாயமும் மாத்திரையுமாகக் கொஞ்ச நாளில் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். மாணிக்கவேலும் எழுந்தான். தறியில் உட்கார்ந்தான். ஆனால் பழைய மாணிக்கவேல் எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் விடிவதற்குள் தறிக்குழியில் இறங்கிவிட்டால் பசி எடுத்தால்தான் மேலே ஏறுவான். இப்போது கொஞ்ச நேரம் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தள்ளுவதற்குள் கை தானாக இறங்கிவிட்டது. நன்றாகத் தூங்கி எழுந்தாலும், தூங்காமல் மூட்டை சுமந்தவன் மாதிரியே எழுந்தான். என்றைக்காவது சுமாராக இருக்கிறதே என்று காலை முழுக்க நெய்துவிட்டால், அன்றைக்கு ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பாயிலிருந்து தலையைத் தூக்க முடியாது.

ஸ்வர்ணலதா கெட்டவள் இல்லை. ஆரம்பத்தில் அவனை அவள் கவனித்துக்கொண்டதை அந்தத் தெருவே பார்த்தது. ஆட்டுக்கால் சூப் வைத்தாள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்தாள். கடைத்தெரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரும் அக்கறையானவர்தான். ரத்தம் குறைவாக இருக்கும் என்று பார்த்தார், குறையவில்லை. சர்க்கரை இல்லை. தைராய்டு இல்லை. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தும் சளியைச் சோதித்தும் பார்த்தார்கள், காசநோய் இல்லை. ஈரல், சிறுநீரகம், இருதயம், எல்லாம் சுத்தம். நடுவில் ஒரு தடவை வைட்டமின் ஏதோ குறைகிறது என்று வந்தபோது ஸ்வர்ணலதாவுக்கு உயிர் வந்தது போல் இருந்தது. கண்டுபிடித்தாயிற்று, இனி மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்தது என்று தெருவெல்லாம் சொன்னாள். மாத்திரை முடிந்து, வைட்டமினும் சரியாகி, அவன் மட்டும் சரியாகவில்லை.

கடைசியாகப் போன அன்று டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, ரிப்போர்ட் எல்லாம் நார்மலாகத்தான் இருக்கிறது, தனக்குப் பிடிபடவில்லை, எதற்கும் ஒரு தடவை வேலூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொன்னார். இத்தனையும் சொன்னார். ஸ்வர்ணலதா வீட்டுக்கு எடுத்து வந்தது ஒரே ஒரு வார்த்தையை. நார்மல்.

அன்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சந்தோஷத்தில் அழுதாள். ஒரு வாரம் கழித்தும் அவன் படுத்தே கிடந்தபோது, அந்தச் சந்தோஷம் அப்படியே கோபமாகத் திரிந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றால் எதற்கு இந்தப் படுக்கை?

அந்தக் கேள்விக்கு அவளுடைய அண்ணன் கமலக்கண்ணனிடம் பதில் இருந்தது. அவர் ஊர்க்கோடியில் விசைத்தறி ஷெட் வைத்து நடத்துகிறவர், நாலு ஆளைக் கட்டி மேய்க்கிறவர். ஆம்பிளைக்கு அலுப்பு என்று ஒரு வியாதியை அவர் கேள்விப்பட்டதில்லை. ஒன்று சோம்பல், இல்லையென்றால் குடி என்றார். அவர் சொன்னது தெருவுக்கும் பிடித்துப்போயிற்று. சாயங்காலம் மாணிக்கவேல் கடைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஸ்வர்ணலதா நம்பவில்லை. ஆனாலும் அவன் வெளியே போய் வந்தால், ஏதோ பேச வருகிற சாக்கில் கிட்டே போய் நின்று மூச்சை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தாள். அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு நாள் வாசற்படி ஏறி வந்தவன், அவள் கிட்டே வருவதற்கு முன்பே தானாக வாயைத் திறந்து அவள் முகத்தில் ஊதிக் காட்டிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

பாவுக்கு நடுவே தெருவில் உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். வந்திருந்தவர்கள் மிச்ச வேலையை முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அந்த வாரமே படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். புருஷன் கோயிலைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்வான் என்று வேண்டிக்கொண்டது அவள், உருளவேண்டியது அவன். அவன் மறுக்கவில்லை. சந்தவாசலில் பஸ் மாறிப் போய், ஈரத்துணியோடு கல்தரையில் உருண்டு எழுந்தான். அம்மன் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்தது. திரும்பி வரப் பஸ் கிடைக்காமல் காத்துக்கிடந்தபோது அவன் நிழற்குடைத் தரையிலேயே படுத்துவிட்டான். ஊர் வந்து சேர்ந்த பிறகு அந்த மாதம் முழுக்க எழுந்திருக்கவில்லை. அம்மனால்கூட இவனைத் திருத்த முடியவில்லையே என்றுதான் ஸ்வர்ணலதா நினைத்தாள். உருட்டியதால்தான் விழுந்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் குளிக்கப் போனவனை வெகுநேரம் காணவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தாள். உடம்பெல்லாம் சோப்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்க, கையில் சொம்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளக் கை எழவில்லை என்றான். அவள் இரண்டு சொம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றிவிட்டு, "இது நல்லா இருக்குது, இனிமே குளிப்பாட்டி வேற வுடணும் போல" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

கமலக்கண்ணன் ஒரு வழி சொன்னார். தன் ஷெட்டுக்கு அனுப்பினால் போதும், நெய்வதெல்லாம் மெஷின்தான், மாப்பிள்ளை நின்று இழை அறுந்தால் கட்டிவிட்டால் சரி, நாலு பேரோடு பழகினால் இந்த வியாதி ஓடிப்போகும் என்றார். ஸ்வர்ணலதா அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தாள். மாணிக்கவேல் பாயில் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னால நிக்க முடியாது ஸ்வர்ணா. நான் பொய் சொல்லல."

"அப்ப டாக்டரு பொய் சொல்றாரா? ரிப்போர்ட்டு பொய் சொல்லுதா? மூணு வேளையும் துன்றதுக்கு மட்டும் முடியுதே, அது எப்படி?"

காலேஜிலிருந்து அப்போதுதான் வந்த பானுப்ரியா பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். மாணிக்கவேல் மகளைப் பார்த்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனான்.

ஆடி மாதம் முழுக்கப் போனான். மெஷின் இரைச்சலில், அந்தச் சூட்டில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு இழை கட்டினான். முடியவில்லை என்ற சொல் அவன் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவே இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான், காலையில் எழுந்து போய்விடுவான். முகம் மட்டும் மஞ்சள் பூசினது போல் வெளிறிக்கொண்டே வந்தது. ஸ்வர்ணலதாவுக்கு அது கண்ணில் படவில்லை. அவளுக்கு அது வெற்றியாக இருந்தது. "பாத்தியாக்கா, எங்க அண்ணன் வெச்ச வைத்தியம்" என்று சின்னம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள். தன் வாழ்க்கையில் மிகப் பெரிய தப்பைச் செய்துகொண்டிருந்த நாட்களில்தான் அவள் மனசு நிம்மதியாக இருந்தது.

ஆவணி பிறந்த கையோடு ஒரு மதியம், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவன் கால் மடங்கியது. கமலக்கண்ணனே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குப் படுத்தவன்தான். கைத்தாங்கல் இல்லாமல் நடக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஒரு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் கேட்டால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் தூங்கியவன் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தபோதுதான் ஸ்வர்ணலதாவுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. இப்படி நடிக்க ஒருவனால் முடியாது என்று அப்போதுதான் தோன்றியது.

கார் பிடித்து, பின் சீட்டில் படுக்கவைத்து, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்த டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர், பெயர் சசிகலா. பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு மாணிக்கவேலிடம் கேட்க ஆரம்பித்தார். அலுப்பு எப்போது தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சல் வந்ததா, தூங்கி எழுந்தால் தெளிகிறதா, தூக்கத்தில் குறட்டையோ மூச்சடைப்போ உண்டா, ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டதுண்டா, மனசில் தாங்கமுடியாத துக்கம் ஏதாவது உண்டா, வேலை செய்தால் அன்றைக்கே அலுக்கிறதா, மறுநாளா? மறுநாள்தான் என்றான் மாணிக்கவேல். வேலை செய்கிற அன்றைக்குச் சமாளித்துவிடுவேன், அடுத்த நாள்தான் அடித்துப்போடும் என்றான். ஸ்வர்ணலதாவுக்கு அது புதுசாகக் கேட்டது. அவன் இதை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தான் என்பது அடுத்த நிமிஷம் ஞாபகம் வந்தது.

இன்னும் சில சோதனைகளைச் செய்து முடித்த பிறகு டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். நீண்ட நாள் அலுப்புக்கு ரத்தக்குறைவு, தைராய்டு, சர்க்கரை, காசநோய், இருதயம், தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு என்று பல காரணம் இருக்கலாம், அதையெல்லாம் தேடிப்பார்த்தது சரிதான், தேடத்தான் வேண்டும் என்றார். ஆனால் சிலருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. இதற்கென்று காட்டிக்கொடுக்கிற ரத்தச் சோதனை இன்னும் கிடையாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் இருக்கிற தெம்புக்கு மேல் செலவு செய்தால், செலவு செய்தது திரும்பி வராமலே போகலாம்.

"அவரை யாராவது கட்டாயப்படுத்தி வேலைக்கு அனுப்பினாங்களா?" என்று கேட்டார்.

"நான்தாம்மா அனுப்பினேன்" என்றாள் ஸ்வர்ணலதா.

டாக்டரம்மா திட்டவில்லை. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது என்றார். குணமாக்குகிற மருந்து இல்லை, வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கலாம், சத்தமும் வெளிச்சமும் குறைத்துப் படுக்கவையுங்கள், கொஞ்சம் தேறலாம், தேறாமலும் இருக்கலாம் என்றார். முதலிலேயே ஓய்வு கொடுத்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காதா என்று அவள் கேட்டாள்.

"வந்திருக்காம இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா."

வந்திருக்காது என்று சொல்லியிருந்தால் குற்றத்தை ஏற்றுக்கொண்டிருப்பாள். எப்படியும் வந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் ஆறுதல் பட்டிருப்பாள். அந்த 'இருக்கலாம்' இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் அவளோடு வீட்டுக்கு வந்தது.

வீடு மாறிப்போயிற்று. சத்தம் கேட்கக்கூடாதென்று வீட்டிலிருந்த இரண்டு தறியையும் பிரித்து அண்ணன் ஷெட்டுக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பானுப்ரியா காலேஜை நிறுத்திவிட்டு அங்கே போய் நெய்கிறாள். கமலக்கண்ணன் எப்போதாவது வருகிறார், வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போகிறார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஸ்வர்ணலதா ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள். மிக்சியைத் தூக்கிவைத்துவிட்டு அம்மியில் அரைத்தாள், அதுவும் பின்கட்டுக்குப் போய். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, சோறு பிசைந்து ஊட்டினாள். அவன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். எத்தனையோ நாளாகத் தொண்டையில் நின்றிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் நம்பலயே."

அவன் கண்ணை மூடியபடியே இருந்தான். கேட்கவில்லையோ என்று அவள் நினைக்கும்போது உதடு அசைந்தது.

"மன்னிக்கறதுக்கும் தெம்பு வேணும் ஸ்வர்ணா. இப்ப எங்கிட்ட அது இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அவள் கைச்சோற்றைக் கிண்ணத்திலேயே போட்டாள். அதற்குப் பிறகு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதுகூட அவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவதுதான் என்று புரிந்துவிட்டது.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. சில வாரங்கள் அவன் கொஞ்சம் தேறி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவான். பிறகு காரணமே இல்லாமல் மறுபடி விழுந்துவிடுவான். இனி அவன் தறிக்குழியில் இறங்கமாட்டான் என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் சின்னம்மாள் வந்து பின்கட்டில் உட்கார்ந்தாள். உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், அந்த மட்டும் மரியாதை தெரிந்தவள். மருமகள் சரண்யாவைப் பற்றிய புலம்பல். பிள்ளை பெற்று வருஷம் திரும்பப்போகிறது, எப்போது பார்த்தாலும் படுக்கை, தலையைச் சீவக்கூடக் கை எழவில்லையாம், தான் மூன்று பெற்றுவிட்டு மறுமாதமே தறிக்குத் தார் நூல் சுற்ற உட்கார்ந்தவள் என்றாள்.

"பையன் கூட்டிகினு போயி டெஸ்ட் எல்லாம் எடுத்தான். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. எல்லாம் பாசாங்குடி. நாளையிலருந்து ஜல்தியா எழுப்பி வேலைல உட்டாத்தான் சரிப்படுவா."

ஸ்வர்ணலதா அரைத்துக்கொண்டிருந்த குழவியை நிறுத்தினாள்.

"ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொன்னாரா, எனக்குத் தெரியலன்னு சொன்னாரா? நல்லா கேட்டு வாக்கா. எனக்கும் டாக்டரு தெரியலன்னுதான் சொன்னாரு. நான்தான் ஒண்ணும் இல்லன்னு கேட்டுகினு வந்தேன்."

சின்னம்மாளுக்கு அது ரசிக்கவில்லை. உன் வீட்டுக்காரர் விஷயம் வேறு, அவருக்கு வந்தது ஏதோ லட்சத்தில் ஒருத்தருக்கு வருவது, இவள் நேற்றுப் பிறந்த பெண், இவளுக்கு என்ன கேடு என்றாள். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஸ்வர்ணலதா அவள் போவதைப் பார்த்தாள். இதே பேச்சைத் தன்னிடம் யாராவது அன்றைக்கு வந்து சொல்லியிருந்தால் தான் கேட்டிருப்பேனா என்று நினைத்துப் பார்த்தாள். கேட்டிருக்கமாட்டாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சின்னம்மாளும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஈரக்கையோடு எழுந்து, பின்வாசல் வரைக்கும் போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்னா நோவுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரத்தமோ, தைராய்டோ, மனசோ, அதைத் தேடறது டாக்டரு வேலை. நம்ம வேலை ஒண்ணுதான். ஒருத்தர் முடியலன்னு சொன்னா, காகிதத்துல இல்லன்னாலும், மொதல்ல நம்பணும். நான் நம்பாம தோத்துட்டேன், நீயும் தோத்துடாதக்கா."